சூப்பர்சார்ஜர் காருக்குக் கூலிங் கிட் செய்தவர்கள், போட்டவர்கள்: இன்னும் மனதில் உறுத்தும் ஒரு சம்பவம்

நார்ஃபோக்_நாதன்

லோட்டஸ் எக்ஸீஜ் வி6 தெரிந்தவர்கள்தான் இங்கே வருவீர்கள் என்பதால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். 2012இல் வந்த கார். 3.5 லிட்டர் டொயோட்டா எஞ்சின், அதன் தலையில் ஹாரப் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி), 345 குதிரைத்திறன். அந்தக் காற்றைக் குளிரவைக்க நடுவில் இன்டர்கூலரோ (காற்றால் குளிர்விப்பது) சார்ஜ்கூலரோ (தண்ணீரால் குளிர்விப்பது) கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்று அப்படியே சிலிண்டருக்குள் போகும். தெருவில் ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. டிராக்கில் சில ரவுண்டு விரட்டினால் போதும், எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ பயந்துபோய் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிடும் (தீப்பொறியைத் தாமதமாக்கும்), கார் சோம்பிவிடும். (எவோரா 400 வந்தபோது லோட்டஸே சார்ஜ்கூலர் வைத்துவிட்டது.)

இந்தக் காருக்கு ஒரு சார்ஜ்கூலர் கிட் உருவாக்கும் வேலையில் இருந்தேன். பட்டறை பெயர் வேண்டாம். முதல் மாதிரியை ஸ்னெட்டர்டன் டிராக்கில் ஓட்டிப் பார்த்தோம். உள்ளே போகும் காற்றின் சூடு எதிர்பார்த்தபடி இறங்கிவிட்டது, ஆனால் எஞ்சின் கூலன்ட் சூடு ஏற ஆரம்பித்தது. இது தெரிந்த விஷயம்தான். சார்ஜ்கூலர் தண்ணீருக்கான சின்ன ரேடியேட்டர் பெரிய ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, அது கக்கும் சூட்டை இது குடிக்கிறது. எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "பெரிய ரேடியேட்டரை இன்னும் தடிமனாகப் போடு."

அதற்கு முன்பு, காற்று வெளியேறும் முன்பக்க வென்ட்களில் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, மேலே ஒரு கேமராவை வைத்து ஓட்டினோம். நடுவில் இருந்த நூல்கள் விறைத்துப் பறந்தன. ஓரத்து நூல்கள் நேரான சாலையில் முழு வேகத்திலும் லேசாக நடுங்கியதோடு சரி. வருகிற காற்றில் பாதி கோருக்குள் (ரேடியேட்டரின் குளிர்விக்கும் உடல்பகுதி) நுழையாமல், இரண்டு ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக நழுவிக்கொண்டிருந்தது. கறுப்பு ஃபோம் பட்டையை வெட்டிச் சுற்றிலும் அடைத்தோம். கூலன்ட் சூடு இறங்கிவிட்டது. அப்புறம் தடிமன் கோரையும் போட்டுப் பார்த்தோம், கூடுதலாக ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

உறுத்துவது இதுவல்ல. கிட் விற்பனைக்குப் போன பிறகு, ஒரு டிராக் நாளில் பாடக்கில் (கார்களை நிறுத்தி வைக்கும் இடம்) ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கிட்டைப் போட்டதிலிருந்து எஞ்சின் சூடாகிறதாம். பார்க்கிறேன் என்று பின் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். ஹெல்மெட் பைக்குப் பக்கத்தில் ஃபோம் பட்டைகள், ஸ்டேப்ளர் அடித்த பிளாஸ்டிக் உறையில், பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன. "இது பேக்கிங் சாமான் என்று நினைத்தேன்" என்றார். பளபளக்கும் அலுமினியத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார் மனிதர். இன்றைக்கும் யாராவது "கோர் எத்தனை மில்லிமீட்டர்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் அந்த உறைதான் கண்முன் வருகிறது.

கிள்ளான்_குமரன்

அண்ணே, உங்களுக்கு இங்கிலாந்துக் குளிர். எங்கள் கதையைக் கேளுங்கள்.

என்னுடையது பழைய எக்ஸீஜ் எஸ். 1.8 லிட்டர் 2இசட்இசட் எஞ்சின், ஈட்டன் எம்62 சூப்பர்சார்ஜர், கூரை மேலிருக்கும் ஸ்கூப்பிலிருந்து காற்று வாங்கும் இன்டர்கூலர். லோட்டஸ் அப்போது எங்கள் மலேசியக் கம்பெனி ப்ரோட்டான் கையில் இருந்தது, அந்தப் பாசத்தில் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்கூலர் எஞ்சினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. கார் ஓடினால் சமாளிக்கும். நின்றால் கீழேயிருந்து வேகும், இட்லிப் பானை மாதிரி.

செப்பாங் டிராக், மதியம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிவப்புக் கொடி காட்டி எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். பிட் வாசலில் வரிசையில் நிற்கிறேன், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. டாஷில் வைத்திருந்த சின்னத் திரையில் இன்டேக் சூடு 55, 60, 68 என்று ஏறுகிறது. 80ஐத் தாண்டியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாம் வளைவு தாண்டி மிதிக்கிறேன், காரில் உயிரே இல்லை. பின் நேர்சாலையில் கண்ணாடியில் ஒரு வெளிச்சம். மைவி, எங்கள் ஊர்ச் சின்னக் குடும்பக் கார்! ஹெட்லைட்டைச் சிமிட்டிக்கொண்டு வருகிறான். என்னைத் தாண்டவில்லை, சத்தியமாகத் தாண்டவில்லை, ஆனால் கடைசிக் கொண்டைவளைவு வரைக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தான். அவன் கையாட்டியது இன்னும் தூக்கத்தில் வருகிறது.

அடுத்த மாதமே தண்ணீர் சார்ஜ்கூலருக்கு மாறிவிட்டேன். இப்போது பரவாயில்லை. ஒரு டிப்ஸ்: பம்புக்குப் பிறகு குழாயில் ஒரு ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் தடை) போடுங்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை இறக்கிவைக்க அதற்கு நேரம் கிடைக்காது. நிதானமாக ஓடவிட வேண்டும்.

வளைவுப்பிரியன்

வி6, நூர்பர்க்ரிங். சூப்பர்சார்ஜரைச் சுற்றவைக்க முந்தைய உரிமையாளர் போட்டிருந்த சின்னப் புல்லியைக் கழற்றிக் கம்பெனிப் புல்லியைத் திரும்பப் போட்டேன். சூப்பர்சார்ஜர் சுற்றுவது குறைந்தது, சூடும் குறைந்தது. 20.8 கிலோமீட்டர் ரவுண்டின் முதல் பாதியில் கொஞ்சம் நஷ்டம், இரண்டாம் பாதியில் லாபம். கூலிங் கிட் எதுவும் வாங்கவில்லை. ஐநூறு யூரோ கொடுத்துப் புல்லியை வாங்கியவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

டெக்சஸ்வாசி

கிள்ளான்_குமரன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ரெஸ்ட்ரிக்டரை இன்றைக்கே கழற்றுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். சி7 கார்வெட் இசட்06. எல்டி4 எஞ்சின், 650 குதிரைத்திறன், 1.7 லிட்டர் சூப்பர்சார்ஜர். இதற்கு முந்தைய தலைமுறை இசட்ஆர்1இல் இருந்தது 2.3 லிட்டர். சின்ன சூப்பர்சார்ஜர் அதிகக் காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றியாக வேண்டும், நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை போகும். வேகமாகச் சுற்றினால் சூடு. 2017 மாடலில் பானெட்டில் பெரிய வென்ட் வைத்தார்கள். 2019 இசட்ஆர்1இல் மொத்தம் 13 ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ரேடியேட்டர் போலச் சூட்டை வெளியேற்றுவது). அவ்வளவு சூடு.

ஆஸ்டின் டிராக்குக்குப் போக முந்தின நாள் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சரும் கூடுதல் தண்ணீர்த் தொட்டியும் பூட்டி முடித்தேன். பம்ப் ஓடுகிறது, காதை வைத்தால் ரீங்காரம் கேட்கிறது. மனைவி டார்ச் பிடிக்க, தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் மேற்பரப்பில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "குளம் மாதிரி இருக்கிறதே" என்றாள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது, பம்ப் வெறும் காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறது. வாக்யூம் கருவி வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினேன். அன்றிலிருந்து தொட்டி மூடியைத் திறந்து பார்க்காமல் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

சரி, இப்போது ரெஸ்ட்ரிக்டர். 10 கிலோவாட் சூட்டைத் தண்ணீர் எடுத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், சார்ஜ்கூலரின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருவதற்குள் தண்ணீர் சுமார் 14 டிகிரி ஏறும். 20 லிட்டர் ஓடினால் 7 டிகிரிதான். அதாவது கோரின் கடைசி முனையிலும் தண்ணீர் இன்னும் குளுமையாகவே இருக்கிறது, காற்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. முன்னால் இருக்கும் ரேடியேட்டரிலும் இதே கணக்குதான், திருப்பிப் போட்டால் போதும். ஒவ்வொரு சொட்டும் குறைந்த நேரம் தங்குகிறது, உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு சொட்டுகள் வந்து போகின்றனவே! தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சுற்றில் "நேரம் கிடைக்கவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய வி8 கார்களில் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றியதும் எஞ்சின் கொதித்ததைப் பார்த்த யாரோ கிளப்பிவிட்ட கதை இது. அங்கே கொதித்ததற்குக் காரணம் வேறு. தடை போனதும் பிளாக்குக்குள் அழுத்தம் குறைகிறது, சூடான இடங்களில் ஆவிக் குமிழி கட்டுகிறது. உங்கள் மின் பம்ப் சுற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. குறைந்த சூட்டிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். அது சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். முழுக்கத் திறந்த பிறகு ரேடியேட்டரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் முடியும். ரவுண்டு ஆரம்பிக்கும்போது கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், முடிவில் அதே சூடுதான்.

கிள்ளான்_குமரன்

கணக்கெல்லாம் சரி சார். ரெஸ்ட்ரிக்டர் போட்ட பிறகு தொட்டியில் தண்ணீர்ச் சூடு குறைவாகக் காட்டுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நான் கண்ணால் பார்த்தேன்.

டெக்சஸ்வாசி

தொட்டி, ரேடியேட்டருக்குப் பிறகுதானே இருக்கிறது? மெதுவாக ஓடும் தண்ணீர் ரேடியேட்டரை விட்டு வரும்போது குளிர்ந்துதான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சிலிண்டருக்குப் போகும் காற்றின் சூட்டை. அந்தத் திரையில் 80 வந்தபோது பார்ப்பதை நிறுத்தியது நீங்கள்தானே.

கிள்ளான்_குமரன்

சரி சரி. அடுத்த செப்பாங் நாளில் ரெஸ்ட்ரிக்டர் வைத்து ஒரு செஷன், இல்லாமல் ஒரு செஷன். சூட்டைப் பதிவு செய்த லாகை இங்கேயே போடுகிறேன். மைவி வந்தால் அதையும் போடுகிறேன்.

பட்டறைக்காரன்

சென்னை. கார் ஓட்டுவதில்லை, செய்து கொடுப்பது மட்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் ஒரு வெளிநாட்டு சூப்பர்சார்ஜர் காருக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கட்டிக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. முதல் ரேஸ் நாளிலேயே ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. டிக் வெல்டிங்கில் குறையில்லை. வெல்டுக்கு ஒரு விரல் தள்ளி, அலுமினியத்தில் மயிரிழை போல ஒரு கீறல். காரில் பூட்டியவர், நான் கொடுத்த ரப்பர் புஷ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக போல்ட்டை முறுக்கியிருக்கிறார். சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் கூடவே முறுக்கிக்கொண்டிருக்கிறது. நாதன் சார் சொன்ன ஃபோம் உறை கதையைப் படித்ததும் என் ரப்பர் புஷ் ஞாபகம்தான் வந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டுக் கிட்டை வாங்கிப் பூட்டும்போது பார்க்க வேண்டிய விஷயங்கள்:

தண்ணீர். சென்னை போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்த உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும், உள்ளே வெள்ளையாகப் படிந்து குழாயை அடைக்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கூலன்ட் எவ்வளவு கலப்பது என்று கேட்பார்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் பெரும்பாலும் உறையாமல் இருக்கத்தான், நமக்கு எங்கே உறையப்போகிறது? தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும், கிளைக்கால் கூடக் கூட அந்தச் சக்தி குறையும். அதற்காக வெறும் தண்ணீர் விட்டால் உலோகம் அரித்துப்போகும். அரிப்பைத் தடுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும். டின்னில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

ஃபின் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்). நெருக்கமான ஃபின் கண்ணுக்கு அழகு, டெஸ்ட் பெஞ்சில் நம்பரும் வரும். ஆனால் நம் சாலையில் பூச்சி, தார்த் துளி, லாரி கிளப்பும் மண் எல்லாம் அதில்தான் போய் உட்காரும். இரண்டு ரேடியேட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் நடுவில் சேரும் குப்பை வெளியே தெரியவே தெரியாது. கொஞ்சம் விட்டு வைத்த ஃபின்தான் நமக்கு. கழுவும்போது பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஓஸ் தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். படுத்ததை நிமிர்த்தச் சீப்பு கிடைக்கிறது, ஆனால் பொறுமை கிடைப்பதில்லை.

பம்ப். தொட்டி மேலே, பம்ப் கீழே. இடம் இல்லை என்று பம்பை மேலே தூக்கி வைத்தால் டெக்சஸ் சார் வீட்டுக் குளம்தான்.

காற்று. கூடிய சூட்டில் 10 டிகிரி குறைத்தாலே காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அதற்காக ஐஸ் பெட்டி கட்டிக் கொடு என்று கேட்டு வருகிறார்கள். கால் மைல் நேர்கோட்டு ரேஸுக்கு (drag race) அது சரி. ரவுண்டு ரவுண்டாக ஓடுகிறவருக்கு ஐஸ் உருகிய பிறகு அந்தப் பெட்டி வெறும் பாரம்தான். புதுப்பேட்டையிலிருந்து பழைய ஏசி கண்டென்சரைக் கொண்டுவந்து இதை வைத்து ஏதாவது பண்ணிக் கொடு என்றவரும் உண்டு. அவர் கதையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

வளைவுப்பிரியன்

கேட்காத அறிவுரையானாலும் சேமித்துவைத்துக்கொண்டேன். நாதன், அந்த ஃபோம் எந்த வகை? சோபாவில் வைக்கிற மாதிரியா?

நார்ஃபோக்_நாதன்

இல்லை, அது தண்ணீரைக் குடித்து மக்கிவிடும். க்ளோஸ்டு செல் ஃபோம் (தண்ணீரை உறிஞ்சாத வகை), ஒரு பக்கம் பசையுள்ளது. இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிமனாக வாங்கி அமுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் காற்றே பிடுங்கி எறிந்துவிடும். பெரிய இடைவெளிக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி மறைத்து, அதன் விளிம்பில் மட்டும் ஃபோம் ஒட்டினால் போதும். ரேடியேட்டரின் அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், கை நுழையாததால் எல்லோரும் விட்டுவிடும் இடம் அதுதான். கிளாம் (காரின் முன்பக்க உடல்மூடி) கழற்றியிருக்கும்போதே முடித்துவிடுங்கள், பிறகு அதற்காக மறுபடி கழற்ற யாருக்கும் மனசு வராது.