மைக்ரோசாப்ட் புரொஜெக்ட் (வேலை அட்டவணை போடும் மென்பொருள்) தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்
வணக்கம், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் இரண்டு வீட்டு வேலை, இருப்பதோ ஒரே மேசன் குழு. இரண்டையும் ஒரே கோப்பில்தான் போட்டிருக்கிறேன், தேதிகள் மோதுவதால் வேலைகளுக்குப் பக்கத்தில், குழுவுக்கு ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சிய வேலை என்று காட்டும் அந்தச் சிவப்பு ஆள் உருவம் வந்து நிற்கிறது. சரி என்று, மோதும் வேலைகளைத் தானாகவே தள்ளிவைக்கும் 'லெவல் ஆல்' பொத்தானை அழுத்தினால் நிலாவெளிக் கூரை கொங்கிறீட் நவம்பருக்குத் தள்ளிப் போகிறது. இங்கே அது மாரி மழைக்காலம், யார் கொங்கிறீட் போடுவது?

இரண்டு வீட்டுக்கும் முன்னுரிமை 1000 கொடுத்துப் பார்த்தேன், எதுவும் அசையவில்லை, சிவப்பும் போகவில்லை (1000 கொடுத்தால் அந்த வேலையைத் தள்ளவே தள்ளாதாம், பிறகுதான் தெரிந்தது, என் புத்தி). நிலாவெளிக்கு 900, மற்றதற்கு 500 வைத்து, லெவலிங் ஒழுங்கை (எந்த வேலையைத் தள்ளுவது என்று பார்க்கும் வரிசை) முன்னுரிமையை முதலில் பார்க்கும் 'பிரையோரிட்டி, ஸ்டாண்டர்ட்' என்று மாற்றினால் சரிவருமா? அப்புறம், போயா (பௌர்ணமி) விடுமுறைகளை நாட்காட்டியில் ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டுமா?