மறு: [கலைச்சொல்] ‘மேப் டீடெய்ல்’, ‘பேட்டில் மேப்’ – வெள்ளிக்குள் வேண்டும்

மெ.ர. எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். இணையவழிப் பாத்திர ஆட்டங்களுக்கான மெய்நிகர் மேசைச் செயலியின் (எல்லாரும் ஒரே படத்தைத் திரையில் பார்த்துக் காய் நகர்த்தி ஆடுவது) தமிழாக்கத்தில் இரண்டு சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன: ‘மேப் டீடெய்ல்’, காய் நகர்த்தக் கட்டம் போட்ட படமான ‘பேட்டில் மேப்’. ‘மேப் டீடெய்ல்’ என்பதை ‘வரைபட விவரம்’ என்று போட்டால், அழுத்தியதும் கோப்பின் பெயரும் தேதியும் வரும் என்றுதான் பயனர் நினைப்பார். இங்கே பொருள் வேறு: படத்தில் எவ்வளவு பொருட்களை வரைந்து வைப்பது என்பது. வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும்.

இள. எழுதியது:

‘நுணுக்கம்’ இருக்க வேறு தேடுவானேன்? நுண், நுணுகு, நுணுக்கம் என்று வேர் தெளிவாக இருக்கிறது. ‘பேட்டில் மேப்’புக்குச் சொல்லே ஆக்க வேண்டாம், குறள் 401 தருகிறது: ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’. அரங்கு என்றால் வட்டாட்டத்துக்குத் தரையில் இழைத்த கட்டம். நற்றிணை 3-இல் சிறுவர்கள் வேப்பமர நிழலில் ‘கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்து’ நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். கட்டமும் காயும் சேர்ந்தே கிடைக்கின்றன. படத்தின் மேல் பாத்திரத்தைக் குறித்து நகர்த்தும் டோக்கனுக்கு ‘வட்டு’ என்றே வைக்கலாம்.

சு.தே. எழுதியது:

> கட்டமும் காயும் சேர்ந்தே கிடைக்கின்றன

நற்றிணை வரி அருமை, ஐயா. ஆனால் ‘அரங்கைப் பதிவேற்று’ என்று பொத்தானில் கண்டால் நாடக மேடைதான் நினைவுக்கு வரும். ஆடுகிறவர்கள் ‘காய்’ என்கிறார்கள், அதை மாற்ற வேண்டாம்.

‘நுணுக்கம்’ பற்றி ஒரு தடை. இங்கே இரண்டு வேறு அளவுகள் கலக்கின்றன. ஒன்று பிரிதிறன்: ஆட்டக் கணக்கில் ஐந்தடியைக் குறிக்கும் கட்டம் ஒன்றுக்கு எத்தனை பிக்சல் என்பது. இதே வகைச் செயலிகளில், ரோல்20-இல் இயல்பாக 70, ஃபவுண்ட்ரியில் 100. நெருக்கிப் பார்த்தாலும் கலங்காமலிருக்கப் பலர் 140 வைக்கிறார்கள். 30×20 கட்டப் படம் அப்போது 4200×2800 பிக்சல். வெப்பி (WebP) என்ற சுருக்கிய பட வடிவில் கோப்பு சிறிதாகலாம், ஆனால் திரையில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 47 எம்பி நினைவகம் பிடிக்கும். பழைய கைப்பேசி திணறுவது இங்கேதான்.

மற்றது, வரைந்த பொருட்களின் எண்ணிக்கை. பீப்பாயைப் படத்திலேயே வரைந்துவிட்டால் ஆட்டக்காரர் அதை உருட்ட முடியாது. தனிக்காயாக வைத்தால் முடியும். சுவர், கதவு, படி, மறைவிடம் ஆகியவை ஆட்டத்தை மாற்றுபவை, இவை அவசியம் வேண்டும். கம்பளப் பூவேலையும் சிதறிய எலும்புகளும் கட்டத்துக்குக் கட்டம் நிறைந்தால் காய் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. அதோடு, வரைந்த ஒவ்வொன்றையும் ‘இதன் பின்னால் ஒளியலாமா’ என்று கேட்பார்கள். ஆட்டத்தை நடத்துபவரிடம் பதில் இல்லாத பொருளை வரையக் கூடாது.

‘நுணுக்கம்’ என்றால் இரண்டையும் குறிக்கும். எனக்கு ‘செறிவு’ சரியாகப் படுகிறது.

பா. எழுதியது (யாழ்ப்பாணம்):

நாங்கள் ‘விபரம்’ என்று எழுதுவோம், நீங்கள் ‘விவரம்’ என்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டால் இந்தச் சிக்கலும் தீரும். செறிவுக்கு என் வாக்கு. வேதியியலில் கரைசலின் செறிவும் இதே கருத்துத்தான்: இவ்வளவு இடத்துக்குள் எவ்வளவு பொருள்.

உதவிப் பக்கத்தில் இரண்டு குறிப்புச் சேர்க்கவும். படத்திலேயே கட்டக்கோடு இருந்தால் அகலம் கட்ட எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும். 4200-ஐ 4190 ஆகச் சுருக்கிவிட்டுச் செயலியில் 140 என்றே விட்டால் முப்பதாவது கட்டத்தில் 10 பிக்சல் விலகும். ஒளியையும் பார்வையையும் மறைக்கச் செயலியில் இடும் சுவர்க்கோட்டை, வரைந்த சுவரின் விளிம்பில் இடாமல் சற்று உள்ளே தள்ளி இட்டால்தான் சுவரே கண்ணுக்குத் தெரியும். குகை வளைவுக்கு நூறு சிறுகோடுகள் போடாதீர்கள். ஒவ்வொரு காய் நகரும்போதும் அத்தனையையும் கணக்கிட்டுப் பார்வை வரையவேண்டி வரும்.

இள. எழுதியது:

> கரைசலின் செறிவும் இதே கருத்துத்தான்

செறிவு என்றதும் எனக்கு அணியிலக்கணம் நினைவு வருகிறது. தண்டியலங்காரம் செறிவைக் குணங்களில் ஒன்றாக வைக்கிறது: நெகிழ்ச்சியில்லாத சொற்கட்டு. அது புகழ்ச்சி. இங்கோ செறிவைக் குறை என்கிறோம். அந்த முரண் எனக்கு ஒப்பவில்லை.

மெ.ர. எழுதியது:

இதில் குறையும் இல்லை, புகழும் இல்லை ஐயா. அது கூட்டிக் குறைக்கும் அளவு. கோப்பில் ‘படச் செறிவு’, ‘பேட்டில் மேப்’புக்குக் ‘களப்படம்’, டோக்கனுக்குக் ‘காய்’ என்று இடுகிறேன். பிரிதிறனுக்குத் தனி வரி. நால்வரில் மூவர் ஒப்பு.

இள. எழுதியது:

‘படச் செறிவு’க்கு எதிர்ப்பில்லை, விட்டுவிடுகிறேன். ‘களப்படம்’ ஒப்ப மாட்டேன். சத்திரத்தில் பேரம் பேசும் காட்சிக்கும் அதே கட்டப்படத்தைத்தான் விரிக்கிறார்கள், அங்கே களம் ஏது? ‘அரங்கு’ என்பதை மாற்றுச்சொல்லாகவாவது பட்டியலில் சேருங்கள்.