மன்மத வருடம் மாசி: 1835ஆ, 1836ஆ?

மண்டபத்தான்: "முகப்புத்தாளில் மன்மத வருடம் என்று கண்டால் நூலகப் பட்டியலில் 1835 என்று பதிந்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போங்கள்" என்று தேவிபட்டினத்தார் நேற்று எழுதியிருக்கிறார். அவர் காட்டிய புத்தகத்தில் மாசி மாதம் என்றும் இருக்கிறது. மன்மத சித்திரை பிறந்தது 1835 ஏப்ரலில். மாசி வந்தது 1836 பிப்ரவரியில். வருடத்தைப் படித்தவர் மாதத்தை ஏன் படிக்கவில்லை?

தேவிபட்டினத்தான்: வருஷம் பிறந்ததை வைத்துத்தான் காலங்காலமாகப் பதிகிறோம். மன்மத 1895லும் வருகிறதே, அதை எப்படித் தள்ளினீர்கள் அண்ணே?

மண்டபத்தான்: தாளே தள்ளிவிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால், கையால் தாள் செய்த கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரிகின்றன; 1895இன் மரக்கூழ்த் தாளாக இருந்தால் மடிப்பில் இந்நேரம் பொடிந்திருக்கும். மெய்யெழுத்தில் புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு; பழைய அச்சு வழக்கம். அச்சிட்டவர் நம் நாட்டவர். நம்மவர்கள் தாராளமாக அச்சகம் வைத்தது 1835 செப்டம்பரில், அச்சகத் தடைகளை நீக்கிய மெட்காப் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு. மாசி 1836 அதோடு பொருந்துகிறது.

கீழக்கரைக் காக்கா: அரபு எழுத்தில் தமிழை எழுதிய எங்கள் அரபுத்தமிழ்ப் புத்தகங்களிலும் இதே கூத்து. ஹிஜ்ரி 1291 என்றால் 1874 என்று முடித்துவிடுகிறார்கள். அது 1874 பிப்ரவரியில் தொடங்கி 1875 பிப்ரவரி வரை ஓடுகிறது. மாதம் இல்லையென்றால் [1874 அல்லது 1875] என்று சதுர அடைப்பில் போடவேண்டும். கல்லில் எழுதி அச்சிட்ட கல்லச்சா என்றும் பதியுங்கள். தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் ஈய எழுத்து அழுத்திய மேடு தட்டும்; கல்லச்சில் தட்டாது.

பாம்பன் வாசகர்: தலைப்பு மட்டும் என்னவாம்? அச்சில் 'தெவாரம' என்றிருந்தால் அப்படியேதான் எழுதவேண்டும். 'தேவாரம்' மாற்றுத் தலைப்பில் வரட்டும்.

தேவிபட்டினத்தான்: முகப்புத்தாள் நடுவில் ரப்பர் முத்திரை குத்துகிறவர்கள் எழுத்துத் தூய்மை பேசுகிறார்கள்.

பாம்பன் வாசகர்: யாரைச் சொல்கிறீர்? முத்திரை மை இந்த உப்புக்காற்று ஈரத்தில் பின்பக்கம் இறங்கும், அக்சஷன் நம்பரை (நூலகச் சேர்க்கை எண்ணை) 2பி பென்சிலால் எழுதுங்கள் என்று போன மாதமே சொன்னவன் நான்.

மண்டபத்தான்: முத்திரை கிடக்கட்டும். மாசிக்கு வாருங்கள். தை, மாசி, பங்குனி மூன்றுமே அடுத்த ஆங்கில ஆண்டு. மார்கழி என்றால் தேதி பார்க்கவேண்டும், பிற்பகுதி ஜனவரியில் விழும். "மன்மத வருடம் மாசி மாதம்" என்று உள்ளபடி எழுதி, பக்கத்தில் [1836] போடுங்கள்.

தேவிபட்டினத்தான்: மற்ற பட்டியல்களிலும் 1835தான். எல்லோருமா தப்பு?

மண்டபத்தான்: ஒருவர் பதிந்ததைப் பத்துப் பேர் நகலெடுத்தால் பத்தும் தப்புதான். 1835இல் வந்த மாசி, ஜய வருடத்து மாசி. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

தேவிபட்டினத்தான்: பதிவை மாற்றமாட்டேன். 1835.

மண்டபத்தான்: மாசி.

கீழக்கரைக் காக்கா: ஹிஜ்ரிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.