செயின்ட் ஓலாவ் சதுக்கம், எண் 2

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் எனக்கு அறிமுகமானது க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வழியாக. காட்டைத் திருத்தி மண்ணைப் பண்படுத்தும் ஒரு விவசாயியின் கதை அது. அதே மனிதர் முப்பது வயதில் எழுதிய 'பசி'யை ஆங்கிலத்தில் படித்தபோது, இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

1890இல் வந்த நாவல். நடப்பது கிறிஸ்தியானியாவில். ஓஸ்லோ என்ற பழைய பெயர் அந்த ஊருக்குத் திரும்பக் கிடைத்தது 1925இல்தான். பெயர் சொல்லாத ஓர் இளைஞன், பத்திரிகைக்கு ஏதாவது எழுதி விற்றால்தான் சாப்பாடு. தொடக்கத்திலேயே மாடியறையில் விழித்தபடி படுத்திருக்கிறான். சுவரில் ஒட்டியிருப்பது பழைய செய்தித்தாள். அதில் பிணத்துக்குப் போர்த்தும் துணிக்கு ஒரு விளம்பரம், அப்போதுதான் சுட்ட ரொட்டிக்கு ஒரு விளம்பரம். பட்டினி கிடப்பவன் காலையில் கண் திறந்ததும் படிப்பது இவற்றைத்தான்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பசியைவிட அவன் வீம்பு. பிச்சை கேட்ட கிழவருக்குக் கொடுப்பதற்காகத் தன் மேல்சட்டையைக் கழற்றி அடகு வைக்கிறான். அந்தக் கிழவர் இவன் கால்சட்டையின் கந்தலைப் பார்த்து, காசைத் திருப்பிக் கொடுக்க வந்தால் கோபப்படுகிறான். சென்னையில் வேலை தேடிய நாட்களில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர்களிடம் தண்ணீர் குடித்த வயிற்றோடு "ஆச்சுங்க" என்று சொன்னவன் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1966இல் ஹென்னிங் கார்ல்சன் இதைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். நாய்க்கு என்று பொய் சொல்லி இறைச்சிக் கடையில் எலும்பு வாங்கிவந்து, ஒதுக்குப்புறமாக நின்று கடிக்கிறார் பெர் ஆஸ்கார்சன். எலும்பை உடம்போடு அணைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கண் ஓடுகிறது. கான் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தக் கண்ணுக்கே கொடுக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் நவம்பரில் வேலை விஷயமாக எட்டு நாள் ஓஸ்லோ போக வாய்த்தது. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் காலம். நாவலில் வரும் வாட்டர்லாந்து பகுதியை முதல் நாளே தேடிப் போனேன். பழைய வீடுகள் போய், பேருந்து நிலையமும் உயரமான ஓட்டலும் நிற்கின்றன. அலுவலகத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். "ஹாம்சனா?" என்றவள் சற்று நேரம் பேசவில்லை. தன் நோபல் பதக்கத்தை 1943இல் நாஜி அமைச்சர் கோயபல்சுக்குக் கொடுத்தவர் அவர். அவள் தாத்தா காலத்துக் காயம் அது, எனக்கும் படித்த நாளிலிருந்து நெருடல்தான். அப்புறம் அவளே, "யோக்கிம் ட்ரியர் படம் பார், 'ஓஸ்லோ, ஆகஸ்ட் 31'. எங்கள் ஊர் அதில் இருக்கிறது" என்றாள்.

அன்றிரவே அறையில் பார்த்தேன். 2011இல் வந்த படம். போதை மறுவாழ்வு மையத்திலிருந்து ஒருநாள் வெளியே வரும் ஆண்டர்ஸுக்கு 34 வயது. வேலை நேர்காணல், பழைய நண்பன், விற்கப்போகும் வீடு. ஒரு காபிக் கடையில் தனியாக உட்கார்ந்து பக்கத்து மேசைகளின் பேச்சைக் கேட்கிறான். ஒரு பெண் வாழ்க்கையில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுப் படிக்கிறாள். அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். வயிற்றுப் பசி இல்லை, நண்பர்கள் இருக்கிறார்கள், கைகொடுக்கவும் ஆள் உண்டு. இருந்தும் அந்தக் கிறிஸ்தியானியா இளைஞனின் தம்பி மாதிரியே எனக்குத் தெரிந்தான்.

மறுநாள் மாலை கார்ல் யோஹான் தெருவில் ரயில் நிலையத்திலிருந்து அரண்மனைப் பக்கமாக நடந்து, செயின்ட் ஓலாவ் சதுக்கத்துக்குத் திரும்பினேன். நாவலில் அவன் பின்தொடரும் பெண்ணின் வீடு அங்கே, எண் 2. அவளுக்கு அவனாகவே ஒரு பெயர் வைக்கிறான். நான் அதை மனசுக்குள் 'யிலஜாலி' என்றே படித்துவந்தேன்.

சன்னல்களை அண்ணாந்து பார்த்து நின்ற என்னிடம், நாயோடு வந்த ஒரு மூதாட்டி யாரைத் தேடுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தயங்கிக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "ஈலயாலி" என்று மெதுவாகத் திருத்தினார். உதட்டைக் குவித்து முதல் எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டினார். நான் சொன்னேன். தலையாட்டி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்ததாம். ரொட்டி வாசனை வரும் இடமெல்லாம் அந்த வயதில் அழுகை வந்ததாம்.

நாய் குளிரில் கயிற்றை இழுக்க ஆரம்பித்தது. போகும்போது, "சரி, இராத்திரிக்கு ஏதாவது சாப்பிட்டாயா?" என்றார்.

இல்லை என்றேன்.