இந்த ஆண்டு மாவடு: உங்கள் வீட்டில் எப்படிப் போடுகிறீர்கள்?

உறுப்பினர், மதுரை

மாசியில் மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கத் தொடங்கிவிட்டால், எங்கள் ஊர்ச் சந்தைக்கு அழகர்மலைப் பக்கத்திலிருந்தும் நத்தத்திலிருந்தும் வடு வரத் தொடங்கும். பங்குனி கடந்துவிட்டால் கிடைப்பவற்றில் கொட்டை முற்றியிருக்கும். ஆண்டு முழுவதும் தயிர்ச்சோற்றுக்குத் துணைநிற்க வேண்டிய பொருளை இந்தச் சில வாரங்களுக்குள் வாங்கிப் போட்டாக வேண்டும் என்பதால், அவரவர் வீட்டுப் பக்குவத்தை இப்போதே எழுதிவைத்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். சமையல் குறிப்புகளில் மிளகாய் எவ்வளவு, கடுகு எவ்வளவு என்பதையே விரிவாகச் சொல்கிறார்கள். மாவடு நிற்பதும் கெடுவதும் வடுவைத் தேர்ந்தெடுப்பதிலும், அது உப்பில் தண்ணீர் விடும் முதல் வாரத்திலுமே இருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

நான் வழக்கமாக வடு வாங்குவது சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்து விற்கும் ஒரு மூதாட்டியிடம். கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக் கலந்திருக்கிறார்களா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் குவியலிலிருந்து ஒரு வடுவை எடுத்துக் காம்பை நகத்தால் கிள்ளினார். பால் சட்டென்று துளிர்த்து அவர் விரலில் வழிந்தது. அந்த நெடி எனக்கு எட்டும் தூரத்திலேயே மூக்கில் ஏறியது. "கொப்புல பறிச்சதுன்னா இப்படிப் பாலடிக்கும் தாயி, காத்துல விழுந்ததுன்னா காம்பே இருக்காது" என்றார். அன்றுமுதல் நானும் அப்படிப் பார்த்தே வாங்குகிறேன். உதிர்ந்த வடுவில் வெளியே தெரியாத அடி பட்டிருக்கும். உப்பில் ஊறும்போது அந்த இடம்தான் முதலில் கொழகொழவென்று ஆகி, அக்கம்பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். காம்பு சிறிதளவாவது ஒட்டியிருப்பது நல்லது. அந்தப் பாலில்தான் மாவடுவின் மணம் இருக்கிறது, ஆனால் அது தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும் என்பதால் ஆய்ந்து முடித்தவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

உருண்டை வடுவா, கிளிமூக்கு வடுவா என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரே அளவில் பொறுக்கிக்கொண்டால் எல்லாம் ஒன்றுபோல ஊறும்.

வடுவை நன்றாகக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சிறிதும் இல்லாமல் நிழலில் உலர்த்துகிறேன். பிறகு விளக்கெண்ணெயைக் கையில் தொட்டு ஒவ்வொரு வடுவின் மீதும் பளபளப்பு ஏறும் அளவுக்கு மட்டும் தடவுகிறேன். தண்ணீர் விடும்வரை தோல் காய்ந்து போகாமல் இருக்கவும், உப்பு சீராக ஒட்டிக்கொள்ளவும் இது உதவும் என்று என் மாமியார் சொல்வார். எங்கள் வீட்டுக் கணக்கு, 8 பங்கு வடுவுக்கு 1 பங்கு கல் உப்பு, அதாவது 1 கிலோவுக்கு 125 கிராம். ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு வரிசை உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்துவிடுகிறேன். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் தோல் கீறிவிடும் என்பதால் தொடக்கத்தில் நான் கரண்டியே போடுவதில்லை. முதல் நாள் அடியில் உப்பு உருளும் ஓசைதான் கேட்கும். இரண்டு, மூன்று நாட்களில் தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் வடு சுருங்கி, பச்சை நிறம் மங்கி, தன் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும்.

அந்தத் தண்ணீரில் சிறிது எடுத்து, வெயிலில் காய்ந்த மிளகாய், பச்சைக் கடுகு, மஞ்சள் மூன்றையும் விழுதாக அரைத்து, மீண்டும் ஜாடியில் சேர்க்கிறேன். கடுகை வறுப்பதில்லை, வறுத்தால் அந்த ஏறுகாரம் வராது. வெளித் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை.

உறுப்பினர், பாலக்காடு

எங்கள் பக்கத்தில் கண்ணிமாங்காய் என்று சொல்வதும் இதே பிஞ்சைத்தான். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் என்பதால், மதுரை அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். கடுகிலிருந்தே தொடங்கலாம். கடுகுக்குள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. கடுகை நசுக்கி ஈரம் பட வைக்கும்போது இரண்டும் சேர்ந்து, மூக்கில் ஏறும் அந்தக் காரத்தை உண்டாக்குகின்றன. அது கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். வறுக்கும் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆகவே கடுகை வெயிலில் காயவைத்து அரைப்பதே சரி.

உப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் தம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறதே, எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று மிகுந்த கவலையோடு கேட்டார். அது தட்டையாக, மெல்லிய ஏடு போல இருந்தது. கெட்ட வாடையும் இல்லை, வடுவும் கெட்டியாகவே இருந்தது. இப்படிக் காற்றுப் படும் இடத்தில் படர்வது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட். அதை வழித்து எடுத்துவிட்டு, மேலே மிதக்கும் வடுக்களை அமுக்கி வைக்கச் சுத்தமான பீங்கான் தட்டு ஒன்றைப் போடும்படி சொன்னேன். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூசணம் பூத்திருந்தாலும், தண்ணீர் நூல்போல இழுபட்டாலும் நான் கொட்டிவிடத்தான் சொல்லியிருப்பேன்.

என்னிடமிருந்த தாளை நனைத்து அந்தத் தண்ணீரின் அமிலத் தன்மையையும் பார்த்தோம். பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்கும் கீழே இருந்தது. மாம்பிஞ்சு இயல்பாகவே புளிப்பு. உப்பைத் தாங்கி வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதற்கு மேலும் புளிப்பைச் சேர்க்கின்றன. பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால், பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியாது. குளிர்நாடுகளில் முட்டைக்கோஸை 2 முதல் 2.5 சதவீத உப்பிலேயே புளிக்க வைக்கிறார்கள் என்று சொல்லிச் சிலர் வடுவுக்கும் உப்பைக் குறைக்கிறார்கள். அவர்கள் குளிர்ந்த இடத்தில் வைக்கிறார்கள், சில மாதங்களில் உண்டு முடிக்கிறார்கள். நம் பங்குனி வெயிலில், சமையலறை மூலையில், ஓராண்டு நிற்க வேண்டிய ஜாடிக்கு அந்த அளவு போதாது.

இதையொட்டி எல்லாரையும் எச்சரிக்க விரும்புவது ஒன்று உண்டு. அதே அம்மாவின் மகள் உரித்த பூண்டை எண்ணெயில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். எண்ணெய் மூழ்க இருந்தால் கெடாது என்று நம்பியிருந்தார். உப்பும் புளிப்பும் இல்லாமல் எண்ணெய் மட்டும் எதையும் காக்காது. அது காற்றை அடைத்துவிடுவதால், காற்றில்லாத இடத்தில் வளரும் அந்தக் கிருமிக்கு வசதி செய்து கொடுத்தது போலாகிவிடும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இப்படி எண்ணெயில் போட்ட பூண்டை உண்ட 36 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது. பூண்டு ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாக வேண்டும். வெறும் எண்ணெயில் பூண்டு போட்டால் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உறுப்பினர், சென்னை

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாவடுவை அறவே விடச் சொன்னால் சோறே இறங்காது என்கிறார். எனவே போடும்போது உப்பைக் குறைக்காமல், உண்ணும்போது குறைக்கிற வழியைத் தேடினேன். மதுரை அம்மா சொல்லும் கணக்கை வைத்தே பார்த்தால், 1 கிலோ வடுவுக்கு 125 கிராம் உப்பு என்பது மொத்தத்தில் ஏறக்குறைய 11 சதவீதம். 10 கிராம் எடையுள்ள ஒரு வடுவில் 1 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு இருக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுத்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது என்பதை நினைத்தால், இரண்டு வடு கடித்துவிட்டால் அன்றைய அளவில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. மருத்துவரிடம் கேட்டபிறகு, வாரத்தில் ஓரிரு நாள் ஒரே ஒரு வடு என்று வைத்துக்கொண்டோம். அதையும் நறுக்கிச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேங்காயோடு அரைத்துத் தயிரில் கலக்கித் தாளித்துவிடுகிறேன். பாலக்காட்டுப் பக்கத்தில் அரைச்சுக்கலக்கி என்று சொல்வதைத்தான் எங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டோம். தயிரும் தேங்காயும் சேர்வதால் ஒரு வடு நான்கு பேருக்குப் போதுமானதாகிறது. அப்பாவுக்கும் அந்த மணம் கிடைத்துவிடுகிறது. அவர் தட்டில் தனியாக உப்பு வைப்பதில்லை, அன்றைக்கு அப்பளமும் பொரிப்பதில்லை.

வடு தீர்ந்தபின் எஞ்சும் காரத் தண்ணீரை யாரும் கொட்டிவிட வேண்டாம். மோர்மிளகாய் போடும்போது, மோரில் உப்புக்குப் பதிலாக இந்தத் தண்ணீரைச் சேர்த்து ஊறவைத்துக் காயவைத்தால், வறுக்கும்போது மாங்காய் மணத்தோடு வரும். தண்ணீரிலேயே உப்பு இருப்பதால், ஊறிய மிளகாய் ஒன்றைக் கடித்துப் பார்த்தபின் தேவைப்பட்டால் மட்டும் உப்புப் போடுங்கள்.