என் கைமுட்டியைப் பார்த்து அழுத அப்பா

துணை நடிகர்களைச் சந்தித்த அனுபவம் என்றால் எனக்கு ஒரு முகம்தான் முதலில் வருகிறது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. போட்டோவைக் காட்டினால் மட்டும், "அட, அந்த சீரியல்ல மாமனாரா வருவாரே!" என்பீர்கள்.

அப்போது ஒரு மெகா சீரியலில் நான் உதவி இயக்குநர். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. அவர் கதாநாயகியின் அப்பா. மகள் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். காட்சி முழுவதையும் ஒன்றாகக் காட்டும் மாஸ்டர் ஷாட்டும் மகளாக நடித்த பெண்ணின் க்ளோசப்பும் முடிந்ததும் அந்தப் பெண் வேறொரு படப்பிடிப்புக்குக் கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தது அப்பாவின் க்ளோசப். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு லுக் கொடுக்கச் சொன்னார். கேமராவுக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் கண் இருக்கும் உயரத்தில் கைமுட்டியை நீட்டி நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் வசனத்தையும் நானே படிக்க வேண்டும். சீரியலில் இது தினமும் நடப்பதுதான்.

டேக்குக்கு முன்னால் அப்பாவாக நடித்தவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, கடைசி வரியில 'நான் போறேன்'னு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு மூச்சு நிறுத்துச்சு. நீயும் அங்க நிறுத்து. எனக்கு அது வேணும்."

காலையிலிருந்து அங்கேயே நின்ற எனக்கு அந்த மூச்சு கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் நிறுத்தினேன். என் கைமுட்டியைப் பார்த்து அந்த மனிதரின் கண் நிறைந்தது. ஆனால் ஒரு சொட்டு கீழே விழவில்லை. கட் சொன்ன பிறகும் எனக்குக் கையை இறக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் செட்டில் இருந்தால் நான் அவர் பக்கத்திலேயே இருப்பேன். வேட்டி, சட்டை எல்லாம் அவர் சொந்தத் துணிதான். இரண்டு பெட்டியில் மடித்துக் கொண்டுவருவார். ஒரே சமயத்தில் இரண்டு சீரியல் ஓடினால், எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, பாக்கெட்டில் பேனா இருந்ததா, நெற்றியில் விபூதியா வெறும் சந்தனமா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடையும் தோற்றமும் மாறாமல் இருக்கிறதா என்று கண்டினியூட்டி பார்க்க வேண்டியது என் வேலை. சந்தேகம் வந்தால் நான் அவர் நோட்டைத்தான் கேட்பேன். கூப்பிட்ட நாளுக்குத்தான் சம்பளம். டிராக் மாறி மகளின் புகுந்த வீட்டுப் பக்கம் கதை போய்விட்டால் மாதக் கணக்கில் போன் வராது. 2020-ல் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவரும் அந்த நோட்டும்தான்.

ஒருநாள் லைட்டிங் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் கேட்டார்: "மைக்கேல் மதன காமராஜன் எத்தனை தடவை பார்த்திருப்ப? அடுத்த தடவை கமலைப் பார்க்காத. டெல்லி கணேஷை மட்டும் பாரு. எதிர்ல பேசுறவன் வசனத்தை அவர் எப்படிக் கேட்கிறார்னு பாரு."

பார்த்தேன். டெல்லி கணேஷின் பாலக்காடு மணி ஐயர் எந்த இடத்திலும் காட்சியைத் தன் பக்கம் இழுப்பதில்லை. கமல் நடித்த காமேஸ்வரனின் தயக்கத்துக்கு இடம் விட்டு நிற்கிறார். அதனால்தான் அந்தத் தயக்கம் நமக்குச் சிரிப்பாக வந்து சேர்கிறது. அன்றிலிருந்து டெல்லி கணேஷ் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பத்து வருடம் விமானப் படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகி, பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' மூலம் 1977-ல் திரைக்கு வந்தார். டெல்லி கணேஷ் என்ற பெயரும் பாலசந்தர் வைத்ததுதான். 400-க்கும் மேற்பட்ட படங்கள். 'சிந்து பைரவி'யில் மிருதங்கக்காரர், 'நாயகன்'-இல் ஐயர். 1979-ல் வந்த 'பசி'யில் ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. முழுக்கத் தகுதியான விருது. ஆனால் டெல்லி கணேஷ் நடித்த, ரிக்‌ஷா இழுக்கும் அந்த அப்பா பக்கத்தில் இல்லாமல் அந்த மகளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவருக்கும் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது என்று பிறகு அறிந்தபோது, யாரோ என் வீட்டுப் பெரியவரைக் கௌரவித்த மாதிரி இருந்தது. 2024 நவம்பரில் அவர் காலமான செய்தி வந்த இரவு, 'மைக்கேல் மதன காமராஜ'னின் மீன் சாம்பார்க் காட்சியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எங்கள் சீரியலில் அப்பா கதாபாத்திரம் முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் அவர் கைக்குப் போவதற்கு முன்பே மேனேஜர் போன் செய்துவிட்டார்: "சார், நாளைக்கு வரும்போது உங்க போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க." சீரியலில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். போட்டோவைப் பெரிதாக்கி, சுவரில் மாட்டி, மாலை போடுவார்கள்.

மறுநாள் ஒரு கவரில் நான்கு போட்டோக்களோடு வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ என்னை ஹாலுக்குள் கூட்டிக்கொண்டு போய், "எந்தச் சுவர்ல மாட்டப் போறாங்க? பொண்ணு எங்க நின்னு அழும்?" என்று கேட்டார். ஜன்னல் ஓரத்தைக் காட்டினேன். நான்கையும் மேசையில் பரப்பி, நிதானமாகப் பார்த்து, ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இதை வை தம்பி. இதுல கண்ணு அந்தப் பக்கம் பார்க்குது. அது நிமிர்ந்து பார்த்தா லுக் சரியா இருக்கும்."