ஹப் டைனமோல லைட்டும் எரியணும், போனும் சார்ஜ் ஆகணும், ஆகுமா?

ரோட்டோர_மிதி:

வணக்கங்க, நான் கோயமுத்தூரு. ரெண்டு வருஷமா ப்ரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டறேன், 200 கிலோமீட்டர் நாலு தடவ, 300 ஒண்ணு முடிச்சாச்சு, அடுத்து 400க்கு பேர் குடுக்கலாம்னு இருக்கேன். 400ன்னா 27 மணி நேரம், ஒரு ராத்திரி முழுக்க ரோட்டுலதான். போன 300ல கரூர் போயிட்டு திரும்பறப்ப வெள்ளகோயில் தாண்டி ஒரு லைட்டு படுத்துருச்சு, இன்னொண்ண லோ மோடுல வெச்சே காங்கேயம் வரைக்கும் வந்தேன், போன்ல மேப்பு ஓடிட்டே இருந்ததால அதுலயும் 9 சதவீதம்தான். பவர் பேங்க்ல மிச்சம் இருக்கறத லைட்டுக்கு குடுக்கறதா போனுக்கு குடுக்கறதான்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்து கால் மணி நேரம் யோசிச்சேன், அந்த கால் மணி நேரத்துல அஞ்சு கிலோமீட்டர் போயிருக்கலாம்.

இப்ப விஷயம் என்னன்னா சித்தப்பா பையன் ஜெர்மனில இருக்கான், அடுத்த மாசம் ஊருக்கு வர்றான், ஷிமானோ ஹப் டைனமோ (முன் சக்கரத்து நடு ஹப்புக்குள்ளயே இருக்கற டைனமோ) ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறான். எனக்கு டைனமோன்னா எங்கப்பா சைக்கிள்ல டயர்ல உரசிக்கிட்டு 'கொர்ர்'னு கத்துமே அதுதான் தெரியும். லைட்ட போட்டா யாரோ கேரியர புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும், மழைல வழுக்கிக்கிட்டு சுத்தவே சுத்தாது. ஹப்புக்குள்ளயே இருக்கறதும் அதே மாதிரி இழுக்குமா?

சார்ஜர் நானே பண்ணிக்கலாம்னு பாக்கறேன். ஏசிய டிசி ஆக்க 1என்4007 டயோடு நாலு, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு, 5 வோல்ட்டுக்கு இறக்கற 7805 ஐசி ஒண்ணு, அப்பறம் யூஎஸ்பி சாக்கெட். 6 வோல்ட் வருது, 5 வோல்ட் வேணும், கணக்கு சரியாத்தான இருக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வைண்டிங்கடை:

தம்பி, கணக்கு சரியில்ல. அந்த சர்க்யூட்ட போட்டின்னா மொத நாள் இறக்கத்துலயே கெபாசிட்டர் 'டப்'புனு வெடிக்கும்.

6 வோல்ட் 3 வாட்னு மேல அச்சடிச்சிருக்கறத பாத்து எல்லாரும் ஏமாறற இடம் இது. வீட்டு கரண்டு 230 வோல்ட்னு அசையாம நிக்கும், நீ மாட்டற லோடுக்கு ஏத்தாப்புல ஆம்பியர்தான் ஏறும் எறங்கும். டைனமோ அப்படியே தலைகீழ். அது அரை ஆம்பியர்தான் குடுக்கும், நீ எவ்ளோ வேகமா மிதிச்சாலும் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்தான், வோல்டேஜ் மட்டும் லோடு கேக்கற வரைக்கும் ஏறிக்கிட்டே போகும். ஏன்னா சக்கரம் வேகமா சுத்தறப்ப காயில்ல உண்டாகற வோல்டேஜும் கூடுது, அதே அளவுக்கு ஃப்ரீக்வென்சியும் கூடுது, ஃப்ரீக்வென்சி கூடினா காயிலோட இண்டக்டன்ஸ் கரண்ட அதே அளவுக்கு தடுக்குது, ஒண்ணுக்கு ஒண்ணு சரியா போயிருது. உள்ள 28 காந்த முனை இருக்குது, சக்கரம் ஒரு சுத்துக்கு 14 சைக்கிள், 15 கிலோமீட்டர் வேகத்துல 28 ஹெர்ட்ஸ் வரும். மெதுவா உருட்டறப்ப லைட்டு பொக்கு பொக்குனு அடிக்கறது அதனாலதான், பழுது இல்ல.

இப்ப போன் ஃபுல்லாகி கரண்ட் இழுக்கறத நிறுத்திருச்சுன்னு வை, நீ இறக்கத்துல 40ல போற, 30 வோல்ட்டுக்கு மேல சர்வசாதாரணமா ஏறும், உன் 16 வோல்ட் கெபாசிட்டர் என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ. 7805ம் 35 வோல்ட்டுக்கு மேல தாங்காது. அது மட்டுமில்ல, அதுக்கு 7 வோல்ட்டாவது உள்ள வந்தாத்தான் 5 வோல்ட் வெளிய தரும். 4007ல ஒரே நேரத்துல ரெண்டு டயோடு வேலை செய்யும், ஒண்ணரை வோல்ட்டுக்கு மேல அங்கயே போயிரும், அரை ஆம்பியர்ல முக்கால் வாட்டு சும்மா சூடு, மொத்தமே 3 வாட்டுதான் வெச்சுருக்க! கூட்டிப் பாத்தா 20க்கு மேல மிதிச்சாத்தான் போன்ல சார்ஜ் ஏறும்.

ஷாட்கி டயோடு போடு, அதுல வோல்ட் கம்மியாத்தான் வீணாகும். 1என்5819னு யாராவது சொல்லுவாங்க, அது 40 வோல்ட்டுதான், வேணாம், எஸ்பி5100 வாங்கு, 100 வோல்ட் தாங்கும். கெபாசிட்டர் 63 வோல்ட். 7805க்கு பதிலா பக் கன்வெர்ட்டர் (அதிகமா சூடாகாம வோல்ட்ட இறக்கற போர்டு), எல்எம்2596 போர்டு எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் தொங்குது, ஆனா சாதா 2596 40 வோல்ட்டுதான், எச்வி போட்டது 60 தாங்கும், அத கேட்டு வாங்கு. டயோடுக்கு அப்பறம், பக்குக்கு முன்னாடி, குறுக்க 30 வோல்ட்டுக்கு ஒரு பெரிய ஜீனர் கிளாம்ப் (அதுக்கு மேல வோல்ட் ஏறவிடாம புடிச்சு வெக்கறது) கட்டாயம் போடணும், அது இல்லாம வெளிய எடுக்காத.

---

நெக்கார்_கரை:

நான் இருக்கறது ஸ்டுட்கார்ட் பக்கம், இங்க ஹப் டைனமோ ஒரு அதிசயமே இல்ல, எங்க தெருவுல மார்க்கெட் போற பாட்டிங்க சைக்கிள் எல்லாத்துலயும் இருக்கு. 2013 வரைக்கும் ஜெர்மனில சைக்கிளுக்கு டைனமோ கட்டாயம், 11 கிலோவுக்கு கம்மியான ரேஸ் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு, அப்பறம்தான் பேட்டரி லைட்டையும் ஒத்துக்கிட்டாங்க. அந்த 6 வோல்ட் 3 வாட்டுங்கற கணக்கே இந்த ஊரு சட்டத்துல இருந்து வந்ததுதான், முன் பல்புக்கு 2.4, பின்னாடிக்கு 0.6. இங்கருந்து பக்கத்துலதான் ட்யூபிங்கன், அங்க ஷ்மிட்னு ஒருத்தர் 90கள்ல 'சோன்' (SON)ங்கற பேர்ல ஒரு ஹப் டைனமோ கொண்டுவந்தார், இப்பவும் நீண்ட தூரம் ஓட்டறவங்க வாயில வர்ற மொத பேரு அதுதான், ஆனா விலைய கேட்டா நமக்கு தலை சுத்தும். ஷிமானோ போதும்.

இழுவை பத்தி கேட்டீங்கல்ல. லைட் அணைச்சிருக்கறப்ப நல்ல ஹப்புல ஒண்ணு ரெண்டு வாட்டு, எரியறப்ப ஒரு 6 வாட்டுன்னு வெச்சுக்கோங்க. 20 கிலோமீட்டர் வேகத்துல சைக்கிளும் நீங்களும் சேத்து 90 கிலோன்னா, அது கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மீட்டர் ஏத்தம் ஏறற மாதிரி. கண்ணுக்கே தெரியாத ஏத்தம். ஆனா ஒண்ணு, சக்கரத்த தூக்கிப் பிடிச்சு கையால சுத்திப் பாக்காதீங்க, காந்தம் கட்டம் கட்டமா இடிச்சு இடிச்சு சுத்தும், அத பாத்து பயந்து திருப்பிக் குடுத்தவங்கள எனக்கு தெரியும் (நானேதான், மறுநாள் போய் மறுபடி வாங்கினேன்).

தம்பிகிட்ட சொல்லுங்க, வாங்கறப்ப 3 வாட்டானு பாத்து வாங்கணும், 1.5, 2.4 வாட்லயும் ஷிமானோ பண்றான், விலை கம்மியா இருக்குன்னு அத தூக்கிட்டு வந்துட்டா லைட்டோட சரி, சார்ஜிங் மறந்துட வேண்டியதுதான். அப்பறம் லைட்டும் இங்கருந்தே வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இந்த ஊரு லைட்டுக்கு கார் லைட் மாதிரி மேல ஒரு வெட்டு இருக்கும், வெளிச்சம் ரோட்டுல மட்டும்தான் விழும், எதுக்க வர்றவன் கண்ண கூசாது. பழைய பல்பு காலம் மாதிரி இல்ல, அதே 3 வாட்டுல இப்ப வர்ற நல்ல எல்இடி 100 லக்ஸ் குடுக்குது. உள்ள ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும், சிக்னல்ல நின்னாலும் நாலஞ்சு நிமிஷம் மங்கலா எரியும்.

போன் விஷயத்துல மட்டும் வைண்டிங்கடை அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. போன நேரா மாட்டாதீங்க. சிக்னல்ல நின்னா சார்ஜ் கட், கிளம்பினா 'டிங்', மறுபடி கட், மறுபடி 'டிங்', ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன் முழிச்சுக்கும், ஏத்தினத விட எரிச்சது ஜாஸ்தி ஆகிடும். என் போன் பத்து தடவ அப்படி ஆனதும் இனிமே வாங்கமாட்டேன்னு அடம் பிடிச்சுது, கேபிள கழட்டி மாட்டினாத்தான் வழிக்கு வந்துது. பகல்ல லைட்ட அணைச்சுட்டு பவர் பேங்க ஏத்துங்க, போன பவர் பேங்க்ல இருந்து ஏத்துங்க. ஏத்திக்கிட்டே இறக்கவும் விடற பவர் பேங்க்கான்னு வாங்கறப்பவே பாத்துக்கோங்க, பாதி மாடல் விடாது.

---

தெல்லிப்பழைப்_பெடியன்:

இந்தக் கதையை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வருது, பழசும் ஞாபகம் வருது. 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரியும் தடை, ஒரு சோடி பற்றரி யானை விலை. அப்ப நாங்கள் றேடியோ கேட்டது முழுக்க சைக்கிள் டைனமோவிலதான். சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் கையால பெடலைச் சுத்த, மற்ற ஆக்கள் றேடியோவைச் சுத்திக் குந்தி இருப்பினம். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை, அந்த அரை மணித்தியாலம் சுத்துறது எப்பவும் வீட்டில இளையவன், அது நான். கை நோகுதெண்டு கொஞ்சம் மெதுவாச் சுத்தினா செய்தி வாசிக்கிறவற்ற குரல் கரகரத்து மங்கிப்போகும், அப்பா "சுத்தடா" எண்டுவார்.

மேல ஒரு அண்ணை சொன்ன வோல்ட் ஏறுற விசயத்தை நாங்கள் படிச்சு அறியேல்லை, பட்டு அறிஞ்சனாங்கள். பக்கத்து வீட்டு அண்ணை ஒருத்தர் ஓட்டப் போட்டிக் கணக்கில உசார் வந்து விசுக்கி விசுக்கிச் சுத்தினார், றேடியோவுக்குள்ள இருந்து புகை வந்திட்டுது. றேடியோ இழுக்கிறது துளிக் கரண்ட், டைனமோ மிச்சத்தை வோல்ட்டா ஏத்திப் போட்டுது. அதுக்குப் பிறகு எல்லாரும் சைக்கிள் லைட் பல்ப்பையும் கழட்டாமல் சேர்த்தே குடுத்தனாங்கள், பல்ப் கொஞ்சத்தை விழுங்கும், றேடியோ தப்பும். பல்ப் வெளிச்சத்தைப் பார்த்தே சுத்துறவனுக்கு வேகம் சரியோ பிழையோ எண்டு விளங்கும். டயோட் பழுதாப்போன றேடியோவில இருந்து புடுங்கினது, அது இல்லாட்டி இரைச்சல் தவிர வேற ஒண்டும் கேக்காது.

ஆனபடியா தம்பி, முதல் பரீட்சை செய்யேக்க போனைக் கொழுவாதையும், பழைய பல்ப் ஒண்டைக் கொழுவிப் பாரும்.

---

ரோட்டோர_மிதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதினத எங்கப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன், அவரு பழைய சைக்கிள்ல இருந்து டைனமோவ கழட்டிக் கொண்டாந்து குடுத்துட்டாரு, இத வெச்சு பழகுன்னு.

ஹப்பு 3 வாட்டுதான் வருது, 32 ஓட்டை. என்னோட முன் ரிம்மும் 32. அதே போக்ஸ் கம்பிய கழட்டி புதுசுல போட்டுக்கலாம்ல? நம்ம ஊரு சைக்கிள் கடைல பண்ணுவாங்களா?

---

கோட்டம்_எடுக்கறவன்:

பழைய போக்ஸ் கம்பி சேராது. டைனமோ ஹப்போட வட்டம் பெருசு, உள்ள காயிலும் காந்தமும் இருக்கணும்ல, அதனால கம்பி நீளம் குறையும். ஹப்ப கைல வெச்சு அளந்துட்டு கம்பி வாங்குங்க. கட்டறது சாதா சக்கரம் மாதிரியேதான், முன் சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே கோணம், கோட்டம் எடுக்கறது சுலபம். எங்க ஊரு பழைய ரோட்ஸ்டர் சைக்கிளுக்குக்கூட ஒருத்தருக்கு கட்டிக் குடுத்திருக்கேன், நம்ம ரோட்ஸ்டர்ல முன்னாடி 32, பின்னாடி 40 கம்பி, ஓட்டை சரியா வந்துச்சு ஆனா ஃபோர்க் குறுகல், டைனமோ ஹப்பு 100 மில்லிமீட்டர், ஃபோர்க்க விரிக்க வேண்டியதாப் போச்சு. உங்களுது புது சைக்கிள்னா அந்தப் பிரச்சனை வராது.

முக்கியமா ஒண்ணு. எந்தக் கடைல குடுத்தாலும் பக்கத்துலயே நில்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு ஹப்ப கண்டா கை சும்மா இருக்காது, கோன் நட்ட லூசு பண்ணி பால்ரஸ் குண்டெல்லாம் கழுவி கிரீஸ் வைக்கலாம்னு ஆரம்பிச்சுடுவாங்க. இதுல ஆக்சில் வழியா மெல்லிசா வயரு போகுது, கனெக்டர் பக்கம் நட்ட திருப்பறப்ப ஆக்சிலும் சேந்து திரும்பினா உள்ள அந்து போகும், அந்துட்டா ஹப்பு பேப்பர் வெயிட்டுதான். நான் மொத ஹப்ப அப்படித்தான் தொலைச்சேன், அதனால கத்தறேன்.

கனெக்டர் வலது பக்கம் வர்ற மாதிரி மாட்டுங்க. வயர ஃபோர்க்ல டேப் போட்டு ஏத்தறப்ப தலைப்பக்கம் கொஞ்சம் லூசு விடுங்க, இல்லன்னா ஹேண்டில் திருப்பித் திருப்பி அங்கயே விட்டுப்போகும்.

---

ரோட்டோர_மிதி:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. 400க்கு முன்னாடி ஒத்திகைன்னு அதே கரூர் ரோட்டுல இன்னொரு 300 போயிட்டு வந்தேன், ஆடி மாசம்.

போறப்ப ராஜா மாதிரி. பல்லடம், காங்கேயம், வெள்ளகோயில் எல்லாம் முதுகுல காத்து, 28, 30ல போகுது, லைட் ஆஃப், பவர் பேங்க்ல நாலு புள்ளில ரெண்டு இருந்தது கரூர் போறப்ப மூணு ஆயிருச்சு. எனக்கு தலைகால் புரியல. திரும்பறப்பதான் பாலக்காட்டு கணவாய்க் காத்து நெஞ்சுல நேரா அடிச்சுது, காத்தாடி எல்லாம் ரோட்டோரத்துல என்னப் பாத்து சுத்துது, நான் 13, 14ல ஊந்துக்கிட்டு வர்றேன். அந்த வேகத்துல லைட்டு அருமையா எரியுது, ரோட்டுல குழி குழியா தெரியுது, ஒரு குறையும் இல்ல. ஆனா லைட்டும் சார்ஜும் சேத்துப் போட்டா ரெண்டுமே நொண்டுது, சார்ஜர கழட்டிட்டேன். போன் 5000 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 19 வாட் ஹவரு, ரெண்டரை வாட்டுல ஏத்தினாலே எட்டு ஒம்போது மணி நேரம் விடாம மிதிக்கணும், அதுல மேப்பு வேற ஓடுது. ராத்திரி லைட்டுக்கு டைனமோ, பகல்ல பவர் பேங்க்குக்கு டைனமோ, மேப்ப தேவைப்பட்டா மட்டும் திறக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

சூலூர் சிக்னல்ல நிக்கறப்ப பக்கத்துல ஒரு பெரியவர் டிவிஎஸ்ல, "என்னங் தம்பி, நின்னாலும் எரியுது, பேட்டரியா?"ன்னாரு. டைனமோங்கன்னேன். டயரப் பாத்தாரு, குனிஞ்சு அந்தப் பக்கமும் பாத்தாரு, "எங்கங் இருக்குது?"ன்னாரு. பச்சை விழுந்துருச்சு.

---

வைண்டிங்கடை:

கிளாம்ப் போட்டியா இல்லியா, அத சொல்லவே இல்ல?

---

ரோட்டோர_மிதி:

போட்டேங்ணா. அதுக்கு முன்னாடி ஒரு கெபாசிட்டர் போச்சு, எங்கப்பாவோட டைனமோல.